கண்டதும் அறிந்ததும்

ஜெர்மன் பாஷையைக் கற்கப் புகுவோரைத் தொடக்கத்திலேயே திகைக்கவைக்கும் வினைச்சொல் ஒன்று உண்டு. 'விஸ்ஸன்' என்பது அது. அறிதல் என்று பொருள். 'அவன் போகிறான்' என்பதை ஜெர்மானியர் 'ஏர் கேட்' என்பர். படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் வினையின் இறுதியில் 'ட்' வருவது பொதுவிதி. 'அவன் அறிவான்' என்பதோ 'ஏர் வைஸ்' என்று மொட்டையாக நிற்கும். 'நான் அறிவேன்' என்பதற்கும் அதே 'வைஸ்'தான்!

இலக்கண நூலார் இதற்குக் கூறும் காரணம் மிகவும் ரஸமானது. 'வைஸ்' பிறப்பால் நிகழ்காலச் சொல்லே அன்று. பழையதோர் இறந்தகால உருவம். அதன் தாது காண்டலைக் குறிப்பது. காண்பதற்கு லத்தீனில் வழங்கும் 'விடேரே'யும் அத்தாதுவின் வழிவந்ததே. 'கண்டிருக்கிறேன்' என்றது நாளடைவில் 'ஆகையால் அறிவேன்' என்று பொருள்படலாயிற்று. வடமொழியிலும் கதை இதுவே. 'வேத' என்னும் வினைமுற்று உருவத்தில் இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம். 'அறிவேன்', 'அறிவான்' இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. நாம் நன்கறிந்த 'வேதம்' என்னும் பெயரும் அத்தாதுவிற் பிறந்ததுதான்.

ஓர் ஆளையோ ஊரையோ பழகி அறிவதற்கு ஜெர்மானியர் 'கென்னன்' என்ற வேறு வினையை ஆள்வர். நடந்தது இன்னதென்று தெரிந்திருப்பதற்கே 'விஸ்ஸன்' உரியது.

இத்தகைய சொல்லுக்கு 1945-ல் பெருஞ் சோதனை நேர்ந்தது. வைமார் நகரை அடுத்த புக்கன்வால்டில் நாஜிகள் 1937 முதல் ஒரு சிறைமுகாம் நடத்திவந்தனர். 1945 ஏப்ரலில் அங்கு வந்துசேர்ந்த அமெரிக்கப் படையினர், நகரத்து ஜனங்களை அழைத்துச்சென்று முகாமில் கிடந்த பிணங்களைக் காட்டினர். 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்பதே பலருடைய மறுமொழி. ஆனால், அம்முகாமின் கைதிகள் வைமாரின் தொழிற்சாலையில் உழைத்தவர்கள். குண்டு விழுந்த தெருக்களில் இடிபாடுகளை அகற்றியவர்கள். உள்ளே நடந்த அனைத்தையும் ஊரார் அறிந்திருக்கமாட்டார்கள் எனலாம். எலும்புந் தோலுமாய்த் தெருவில் நின்ற மனிதரைக் கண்டவர்கள் ஒன்றுமே அறியோம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

'விஸ்ஸன்' என்பதனோடு ஒட்டிய 'கெவிஸ்ஸன்' என்றொரு பெயர் அப்பாஷையில் உண்டு. மனச்சாட்சி என்பது அதன் பொருள். நம் சொல்லையும் சற்றே நோக்குங்கள். 'சாட்சி' என்பதனுள் கண்ணைக் குறிக்கும் 'அக்ஷம்' என்ற வடசொல் இருக்கிறது. நேரிற் கண்டவனே சாட்சி. அத்தகையவன் ஒருவன் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் அமர்ந்திருக்கிறான். 'தெரியாது' என்று ஊருக்குச் சொல்லிவிடலாம். அவனிடம் சொல்ல இயலாது.