பழைய நோட்டில் வெட்டும் துளையும் குறையாகுமா?



நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய கடைகளில், பாட்டனார் காலத்து இரும்புப்பெட்டியின் உள்ளறையிலோ, பழைய பேரேட்டின் நடுவிலோ, வெள்ளைக்காரர் காலத்து ரூபாய் நோட்டு ஒன்றிரண்டு இன்னும் இருக்கக்கூடும். இவற்றைச் சேகரிப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், அவர்களுக்காக ஊர் ஊராகச் சென்று வாங்கும் தரகர்கள் மதிப்புப் போடும் முறையில் நமக்கு உடன்பாடு இல்லை. மடிப்பு விழாத நோட்டுக்கு ஒரு விலை. ஊசித்துளை இருந்தால் பாதி விலை. பின்புறம் கையெழுத்தோ கடை முத்திரையோ இருந்தால் அதற்கும் கீழே. இரண்டாக வெட்டி ஒட்டிய நோட்டு என்றால் கழிவுச் சரக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். வணிகன் வீட்டில் முதலில் இருக்கவேண்டியது அந்தக் கழிவுச் சரக்குதான் என்பது நம் கட்சி.

ஏன் என்று சொல்லுகிறோம். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நோட்டு வெளியிடும் உரிமையை இந்திய அரசாங்கம் தானே எடுத்துக்கொண்டது. அதுவரை கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண வங்கிகளும் நோட்டு வெளியிட்டு வந்தன. அரசாங்க நோட்டு வந்தபின்பும் அது நாடு முழுவதும் செல்லவில்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று வட்டங்கள் வகுத்திருந்தார்கள்; லாகூர், கராச்சி, ரங்கூன் முதலியவை பின்னால் சேர்ந்தன. ஒரு வட்டத்து நோட்டுக்கு அந்த வட்டத்தில்தான் வெள்ளி ரூபாயை உரிமையோடு கேட்கலாம். சென்னை நோட்டைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனவர் தள்ளுபடி கொடுத்து மாற்றவேண்டி வந்தது. இன்று வெளியூர்க் காசோலைக்குக் கமிஷன் பிடித்தால் நாம் கொதிக்கிறோம். அன்று ரொக்கத்துக்கே அந்தக் கதி! இந்தத் தொல்லை 1903-இல் 5 ரூபாய் நோட்டில் நீங்கத் தொடங்கி, 1911-க்குள் 10, 50, 100 ரூபாய் நோட்டுகளுக்கும் நீங்கியது.

இனி வெட்டு விஷயம். வெளியூர் மண்டிக்குத் தபாலில் பணம் அனுப்பவேண்டும். வழியில் களவு போனால் என்ன செய்வது? நம் முன்னோர் நோட்டை நடுவில் இரண்டாக வெட்டினார்கள். முதலில் ஒரு பாதி போகும். "வந்து சேர்ந்தது" என்று எதிர்க் கடிதம் வந்தபிறகுதான் மறுபாதி போகும். சரக்குக்காரர் இரண்டையும் ஒட்டிச் செலுத்திக்கொள்வார். நோட்டின் இரு பாதியிலும் எண் அச்சிட்டிருந்ததால் இது சாத்தியமாயிற்று. வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு அழகான ஏற்பாடு! மறுபாதி வரும் என்ற நம்பிக்கையில் சரக்கை வண்டியில் ஏற்றி அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். கையில் வந்தபின்தான் மூட்டையை அவிழ்ப்பேன் என்றவர்களும் இருந்திருப்பார்கள். இன்றும் நம் தெருவில் இரு சாராரும் உண்டு. அந்த வெட்டு வாயில்தான் நம் தொழிலின் வரலாறு இருக்கிறது. யார் கையிலும் புரளாமல் கட்டோடு கிடந்த புது நோட்டில் என்ன இருக்கிறது? அச்சகத்தின் வேலைப்பாடு இருக்கிறது, அவ்வளவே.

விவரமறிந்த சேகரிப்பாளர் சிலர் இத்தகைய அரை நோட்டுகளைத் தேடி வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களைக் குறை கூறவில்லை. நாம் சொல்வது, வீட்டு வாசலுக்கு வந்து "இது கிழிசல் ஐயா" என்று சொல்லி இருபது ரூபாய் கொடுத்து எடுத்துச் செல்பவர்களைப் பற்றி.

முதல் உலகப்போரில் வெள்ளி தட்டுப்பட்டதால் 1917 நவம்பர் 30-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதைத் தொடர்ந்து இரண்டரை ரூபாய் நோட்டு ஒன்றும் வந்து, 1926-இல் நிறுத்தப்பட்டது. வெள்ளி ரூபாயைக் கல்லில் தட்டி ஓசை பார்த்து வாங்கிய மக்கள் இந்தத் தாளை எளிதில் ஏற்கவில்லை. ஆகவே, அக்காலத்து ஒரு ரூபாய் நோட்டு கசங்கிக் கறுத்திருந்தால், கடைக்காரர் ஒருவர் அதை நம்பி வாங்கி, அடுத்தவரையும் நம்பவைத்தார் என்று பொருள். ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஆறாம் ஜார்ஜ் உருவமுள்ள 5 ரூபாய். அதே ஆண்டு வந்த 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் 1946 ஜனவரியில் செல்லாமற்போயின. 2016 நவம்பரைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

பர்மாவில் தொழில் செய்த குடும்பங்களில், யுத்தகாலத்தில் ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள் கற்றையாக இருப்பதுண்டு. யுத்தம் முடிந்ததும் அவை வெறும் தாளாயின. ஏராளமாக அச்சிட்டதால் இன்றும் பெரிய விலை கிடையாது. இருந்தாலும், எந்தக் கணக்கில் அவை வரவாயின என்று காட்டும் ஏடு கூட இருந்தால் அந்தக் கற்றைக்கே வேறு மதிப்பு. நோட்டை விற்றுவிட்டு ஏட்டை எடைக்குப் போடுகிறோமே, அதுதான் நம் மனத்தை வருத்துகிறது. கடை கைமாறும்போதும் கட்டடம் இடிக்கும்போதும் இதுவே நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை. "பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று செல்போனில் வரும் பேச்சை நம்பவேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்றும், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் முன்பணம் கேட்பது எந்தச் சந்தையின் வழக்கம்?

நோட்டு கிடைத்தால் கழுவவேண்டாம், இஸ்திரி போடவேண்டாம், செலோடேப் ஒட்டவேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. பழைய ஒட்டைப் பிரிக்கவும் வேண்டாம். இரு பாதியின் எண்களும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் எங்கேயோ யாருக்கோ மறுபாதி தவறிப்போயிருக்கிறது; அதுவும் வைத்துக்கொள்ளத்தக்கதே. இருந்த ஏட்டின் பக்க எண்ணைத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள்.

சங்க அலுவலகத்தில் கண்ணாடி பீரோ ஒன்று பரிசுக் கோப்பைகளுக்கென்றே நிற்கிறது. அதில் ஒரு தட்டை ஒழித்து, அரை நோட்டுகளையும் அவற்றோடு வந்த கடிதங்களையும் உறுப்பினர் பெயரிலேயே வைக்கலாம் என்பது நம் யோசனை. நிர்வாகக் குழு இசைந்தால், நம் கடைப் பேரேட்டில் இருக்கும் சென்னை வட்டத்துப் பத்து ரூபாய் நோட்டை, ஒட்டோடும் பின்புறக் கையெழுத்துகளோடும், அந்தப் பேரேட்டையும் சேர்த்துக் கொண்டுவந்து தருகிறோம்.