காளஹஸ்தியில் மட்டும் ஏன் பேரம்?

லீவுல திருப்பதி போற நம்மாளுங்க, அப்படியே காளஹஸ்திக்கும் போவாங்க. ராகு கேது பூஜை முடிஞ்சதும் வண்டி கிளம்பிடும்.

சொர்ணமுகி ஆத்தங்கரை ஊரு. நமக்குத் தெரிஞ்சது சித்தூர் மாவட்டம். 2022-லேர்ந்து திருப்பதி மாவட்டம். கோயிலைத் தாண்டி ஒரு பெருமை உண்டு: கலம்காரி. கடுக்காயும் பாலும் ஏத்தின துணியில மூங்கில் பேனாவால வரையணும். கறுப்புக்கு வெல்லமும் துருப்பிடிச்ச இரும்பும் ஊறின தண்ணி. சாயத்துக்குச் சாயம் அலசி, காயவைக்கணும்.

புவிசார் குறியீடு இருந்தும், மெஷின்ல அச்சடிச்சது அதே பேர்ல மலிவா விக்குது. ஒரே பூ இம்மி மாறாம திரும்பத் திரும்ப வந்தா, அது பேனா வேலை இல்லைங்க.

பேங்க்காரன் கணக்கு இதுதான்: இந்த விலையில பெரும்பங்கு கூலி. நீங்க குறைக்கிறது அதுலதான் கழியும். வெளிநாட்டு மால்ல ஒட்டின விலையை வாய் திறக்காம கொடுக்கிறோமே?