வாகரைக்குத் தேவை ஊதா விளக்கா, இரண்டாவது பொலித்தீனா?

ஐரோப்பியக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்க்கும் எமது புலம்பெயர் உறவுகளுக்கு ஊதா நிற விளக்குகள் புதியவை அல்ல. அதே தொழில்நுட்பத்தை ஊருக்கும் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. ஆனால் வாகரை போன்ற பிரதேசத்தில் பணத்தைச் செலவிடுமுன் சில விடயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஊதா நிறமாகத் தெரியும் அந்த விளக்குகளில் பெரும்பாலானவை புற ஊதாக்கதிர் விளக்குகள் அல்ல. சிவப்பு, நீல எல்.ஈ.டி.க்களின் கலவையே அவை. பயிர் உணவு தயாரிக்கப் பயன்படுத்துவது பிரதானமாக 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளி. புற ஊதாக்கதிர் 400 இற்கும் கீழே உள்ளது. அது சிறிதளவு பட்டால் இலையில் பாதுகாப்பு நிறப்பொருட்கள் கூடும்; மிகுந்தால் பயிர் குன்றும். அதன் விளக்குகள் வேலை செய்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

இரண்டாவது, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 பாகையில் உள்ள வாகரைக்குப் புற ஊதாக்கதிரை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. இங்கு பிரச்சினை அதன் மிகுதிதான். சாதாரண பொலித்தீன் சில மாதங்களிலேயே வெடித்துக் கிழிவதற்கு இந்த வெயிலே காரணம். பயிர்க்கூடாரங்களுக்கென, கதிரைத் தாங்கும் சேர்மானத்துடன் தயாரிக்கப்படும் பொலித்தீனையும் சில ஆண்டுகளில் மாற்றியே ஆகவேண்டும். முதல் பொலித்தீனை ஒரு திட்டம் தரலாம். இரண்டாவதை யார் தருவார்?

புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பொலித்தீனால் ஒரு நன்மையும் உண்டு. வெண் ஈ அந்தக் கதிரைக் கொண்டே வழி அறிகிறது. அது குறைந்தால் கூடாரத்துக்குள் ஈயின் வரவும், அது காவும் இலைச்சுருள் வைரசும் குறையும். ஆனால் தேனீக்களும் அதே கதிரைப் பார்ப்பவை. தன்மகரந்தச் சேர்க்கை கொண்ட மிளகாய்க்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. பாகல், வெள்ளரிக்கு உண்டு. சில கத்தரி இனங்களின் ஊதா நிறமும் மங்கும். எனவே பயிரைத் தீர்மானித்த பின்னரே பொலித்தீனைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மின்விளக்கை நம்பிய விவசாயத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. 2022 ஓகஸ்ட்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என மின்கட்டணம் உயர்ந்ததை எமது மக்கள் மறக்கவில்லை. அந்த நிலையற்ற செலவில் மிளகாய் வளர்த்து யாருக்கு விற்பது?

2004 இல் சுனாமி, 2006 - 2007 இல் போரும் இடப்பெயர்வும் என இருமுறை அனைத்தையும் இழந்து மீண்ட பிரதேசம் வாகரை. கதிரவெளியில் இல்மனைற் மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதும், யானைகளிடமிருந்து பயிரைக் காக்க இரவுகளில் விழித்திருப்பதும் ஒரே கவலையின் இரு முகங்கள்: நிலம் கையில் நிலைக்குமா?

உதவ விரும்புவோர் விளக்குக்குப் பதிலாக இரண்டாவது பொலித்தீனுக்கான சேமிப்பு, பூச்சித்தடுப்பு வலை, யானைவேலி, கிணறு ஆகியவற்றைப் பற்றி முதலில் விவசாயிகளிடமே கேட்கட்டும். வெயில் இங்கு தாராளமாக இருக்கிறது. குறைவாக இருப்பது அதன் கீழ் அச்சமின்றிப் பயிரிடுவதற்கான உத்தரவாதமே.