காப்பிக் கோப்பையும் கணினிப் பொத்தானும்

நோயாளியின் நாடி பார்க்கும் டாக்டர், நாடாளுமன்றத்தின் நாடியையும் பிடித்துப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பாருங்கள், விளங்கும்!

அந்நாட்டு டாக்டர்களின் பேரமைப்பு, 1847-இல் தோன்றிய அமெரிக்க மருத்துவச் சங்கம். அதன் இணையதளத்திலே ஒரு வசதி இருக்கிறது. டாக்டர் தம் முகவரியைப் பதிந்தால் போதும். தொகுதி உறுப்பினர் யார், செனட்டர்கள் யார் என்பதை அதுவே எடுத்துக் கொடுக்கும். கடிதமும் ஆயத்தமாக இருக்கும். பொத்தானைத் தட்டினால் வாஷிங்டன் போய்ச் சேரும். ஒரு நோயாளி எழுந்து போய், அடுத்தவர் வந்து அமர்வதற்குள் மனு முடிந்துவிடும்!

கருவிதான் புதிது, கலை பழையது. 1961-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். முதியோருக்கு அரசே மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்ற குரல் எழுந்தது. சீறி எழுந்தது இதே சங்கம். டாக்டர் வீட்டுப் பெண்மணிகள் அண்டை அயலாரைக் காப்பி அருந்த அழைத்தனர். அன்றைய நடிகர், பின்னாளைய ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் பேசிய இசைத்தட்டைச் சுழலவிட்டனர். சோஷலிச வைத்தியம் வருகிறது, எதிர்த்து எழுதுங்கள் என்று தூண்டினர். ஆயினும் என்ன? 1965 ஜூலை 30-இல் ஜான்சன் கையெழுத்திட்டார், மெடிகேர் பிறந்தது!

காலத்தின் வேடிக்கை பாரீர்! அன்று வேண்டாம் என்றார்கள். இன்று அதே திட்டத்திலே, எங்கள் கட்டணத்தைக் குறைக்காதே என்று மனுப் போடுகிறார்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கட்டணச் சூத்திரம் வெட்டு, வெட்டு என்று மிரட்டிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் மீண்டும் மீண்டும் அதைத் தள்ளிப்போட்டு, 2015-இல் சூத்திரத்தையே ஒழித்தது. என்றாலும் 2025 ஜனவரியில் 2.83 சதவீத வெட்டு விழத்தான் செய்தது.

டாக்டர் கேட்பது அநியாயமா? அல்ல. வாடகையும் சம்பளமும் ஏற, வருமானம் இறங்கினால் எவரும் கேட்பர். சிகிச்சைக்கு முன் காப்பீட்டுக் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்கும் கொடுமையையும் இந்தக் கடிதங்கள் கண்டிக்கின்றன. அங்கே டாக்டரின் பேனா, நோயாளியின் வேதனையைப் பேசுகிறது. பாராட்டுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. செல்வாக்குத் தேடச் செலவிடுவதில் அந்நாட்டின் முன்வரிசையில் நிற்கும் சங்கம் இது. அதற்குக் கருவி உண்டு, காசு உண்டு, கடிதம் தீட்டித் தர ஆளும் உண்டு. 2024-இல் காப்பீடே இல்லாதிருந்தோர் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு எந்தச் சங்கம்? எந்தப் பொத்தான்?

மனுச் செய்யும் உரிமை 1791-இலேயே அந்நாட்டு அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. சட்டமியற்றுவோருக்குச் சொல்வது ஒன்றுதான்: வந்து குவியும் கடிதங்களை எண்ணிப் பார்த்து மலைக்காதீர், அவை யாருடைய நோவைச் சுமந்து வருகின்றன என்று பாருங்கள். பொத்தான் தட்டத் தெரியாதவனுக்கும் நோய் வரும். அவனுக்கும் ஓட்டு உண்டு!