சின்ன அணி எப்படி ஆட வேண்டும்? எக்செல்லைக் கேட்போம்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, சீட்டு விளையாட்டும் ஆடியாயிற்று. 'இனி இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த விஷயத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு சந்தேகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள்.

எனக்குப் பிடித்தது கூடைப்பந்து. என் சந்தேகம், அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் தொடங்கும் என்.சி.ஏ.ஏ. கல்லூரிப் போட்டி பற்றியது.

அந்தப் போட்டியில் அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தர எண் கொடுப்பார்கள். முதல் தர எண் பெற்ற அணி, 16ம் எண் அணியோடு மோதும். ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறு வாய்ப்புக் கிடையாது. ஆண்கள் பிரிவில் 1985 முதல் 2017 வரை இப்படி நடந்த 132 ஆட்டங்களில் ஒன்றில் கூட 16ம் எண் அணி வென்றதில்லை.

அடுத்த மார்ச்சிலும் இந்த மோதல் வரும். 16ம் எண் அணியின் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்? 'வழக்கமான ஆட்டத்தை ஆடுங்கள், தவறு செய்யாதீர்கள்' என்பதுதான் பலரும் சொல்லும் அறிவுரை. இது தவறான அறிவுரை என்பது என் கருத்து. வழக்கமான ஆட்டத்தில் பலமான அணிதான் ஜெயிக்கும். பலமான அணி என்பதற்கு அர்த்தமே அதுதானே!

கணக்கை அமைப்போம்

ஓர் அணிக்குப் பந்து கிடைத்ததில் இருந்து அதைக் கூடையை நோக்கி எறிந்து முடிக்கும் வரை ஒரு 'வாய்ப்பு' என்று வைத்துக் கொள்வோம். 40 நிமிடக் கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ 70 வாய்ப்புகள் கிடைக்கும். அருகில் இருந்து எறிந்து கூடையில் விழுந்தால் 2 புள்ளிகள். வளைகோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தால் 3 புள்ளிகள்.

எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும். 'ரேண்ட்' என்ற ஃபங்ஷன் 0க்கும் 1க்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணைத் தரும். ஏ1 செல்லில் 'இஃப்' ஃபங்ஷனைப் பயன்படுத்தி, ரேண்ட் தரும் எண் 0.55ஐ விடக் குறைவாக இருந்தால் 2, இல்லாவிட்டால் 0 என்று அமைக்கவும். இது 100க்கு 55 முறை குறி தவறாத பலமான அணி. பி1 செல்லில் 0.55க்குப் பதிலாக 0.45 என்று கொடுக்கவும். இது நம் சின்ன அணி. இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து 70ம் வரிசை வரை இழுக்கவும். 71ம் வரிசையில் 'சம்' ஃபங்ஷனைக் கொண்டு கூட்டிக் கொள்ளவும்.

ஓர் ஆட்டம் முடிந்தது! எஃப்9 விசையை அழுத்தினால் அடுத்த ஆட்டம். 100 முறை அழுத்தி, சின்ன அணி வென்றதைக் குறித்துக் கொண்டே வாருங்கள். சமமாக முடிந்தால் அரை வெற்றி என்று வையுங்கள். 12க்குப் பக்கத்தில் வரும். 9 வரலாம், 15ம் வரலாம்.

இரண்டு மாற்றங்கள்

இப்போது சின்ன அணி எல்லா வாய்ப்பிலும் வெளியே இருந்தே எறியட்டும். 0.45 என்பதை 0.30 ஆகவும், 2 என்பதை 3 ஆகவும் மாற்றவும். சராசரியைப் பாருங்கள். 45 முறை 2 புள்ளி என்றால் 90. 30 முறை 3 புள்ளி என்றாலும் 90தான். அணியின் திறமை ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் வெற்றி 100க்கு 12ல் இருந்து 16 ஆகிறது. காரணம், 3 புள்ளி எறிதலில் ஏற்ற இறக்கம் அதிகம். சில நாள் ஒன்றும் விழாது. சில நாள் எல்லாம் விழும். பின்தங்கியவனுக்கு அந்த 'சில நாள்'தான் தேவை.

இரண்டாவது மாற்றம். பழையபடி 2 புள்ளியே எறியட்டும்; வாய்ப்புகளை மட்டும் 70ல் இருந்து 50 ஆகக் குறைக்கவும். இதிலும் வெற்றி 16க்கு அருகில் வரும். நாணயத்தை 1000 முறை சுண்டினால் பூவும் தலையும் ஏறக்குறையச் சமமாக விழும். 10 முறை சுண்டினால் 7 பூ விழுவது சாதாரணம். ஆட்டம் சுருங்கச் சுருங்க அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். இரண்டு மாற்றங்களையும் சேர்த்தால் 20. அதாவது எட்டில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, ஐந்தில் ஒன்றாகி விடுகிறது.

50 வாய்ப்புகளாகக் குறைப்பது நடக்கக் கூடியதா? நடக்கும். ஆண்கள் ஆட்டத்தில் 2015-16 பருவம் முதல் ஷாட் கிளாக் 30 வினாடி. 70 வாய்ப்புள்ள ஆட்டத்தில் ஒரு வாய்ப்புக்குச் சராசரியாக 17 வினாடி ஆகிறது. எதிரணி அதே வேகத்தில் ஆடட்டும். நாம் மட்டும் 30 வினாடியையும் பயன்படுத்தினால் ஆளுக்கு 51 வாய்ப்புதான் வரும்.

களத்தில் நடந்தது என்ன?

1996ல் 13ம் எண் பிரின்ஸ்டன் அணி, நடப்புச் சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை 43-41 என்று வென்றது. ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு நிதானமான ஆட்டம் என்று! 2018ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி, வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. ஆண்கள் பிரிவில் 16ம் எண் பெற்ற முதல் வெற்றி அதுதான். வெளியே இருந்து 24 முறை எறிந்து 12 கூடை. வர்ஜீனியாவுக்கோ 22 முறை எறிந்தும் 4 கூடைதான். 2023ல் ஃபேர்லி டிக்கின்சன் அணி, 7 அடி 4 அங்குல உயர ஸாக் ஈடி இருந்த பர்டியூவை 63-58 என்று தோற்கடித்தது. ஈடியைச் சுற்றி ஆட்களை நிறுத்தினார்கள். பர்டியூ வெளியே இருந்து 26 முறை எறிந்தது, விழுந்தது 5. எதிரணியை ஏற்ற இறக்கம் அதிகமான எறிதலுக்குத் தள்ளுவதும் ஒரு வழி என்பதை இதில் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் வியூகம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2018ல் வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் காயத்தால் ஆடவில்லை. பெண்கள் பிரிவில் 1998லேயே 16ம் எண் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று வென்றது. அப்போதும் ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் காயத்தில் இருந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை

'அப்படியானால் பந்தை வைத்துக் கொண்டு நேரத்தைக் கடத்தினால் போதுமா?' என்று கேட்கலாம். போதாது. 50 வாய்ப்புக் கணக்கில் 0.45ஐ 0.43 என்று மாற்றிப் பாருங்கள். கிடைத்த ஆதாயம் முழுவதும் போய், வெற்றி 12க்கும் கீழே இறங்கி விடும். கடைசி வினாடி வரை காத்திருந்து, வேறு வழியின்றி அவசரமாக எறிந்தால் இதுதான் கதி. 3 புள்ளி எறிதலும் அப்படியே. 0.30 என்பது 0.28 ஆனால் பழைய ஆட்டத்தை விட மோசம். 1985 இறுதி ஆட்டத்தில் 8ம் எண் விலனோவா, ஜார்ஜ்டவுனை 66-64 என்று வென்றது. ஷாட் கிளாக் இல்லாத அந்தத் தொடரில் விலனோவா பொறுமையாக ஆடி, 28 முறையே எறிந்து 22ஐக் கூடையில் போட்டது. நல்ல எறிதலுக்காகக் காத்திருந்ததால் பலன் கிடைத்தது. வெறுமனே காத்திருந்தால் கிடைத்திருக்காது.

நம் கணக்கில் ஃப்ரீ த்ரோ இல்லை, ரீபவுண்ட் இல்லை, களைப்பும் இல்லை. எனவே 12, 16, 20 என்ற எண்களை அப்படியே நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் போனால் ஏறும், எந்தப் பக்கம் போனால் இறங்கும் என்பதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

பயம்தான் காரணம்

இவ்வளவு எளிய கணக்கு என்றால் எல்லாப் பயிற்சியாளர்களும் ஏன் துணிவதில்லை? ஏற்ற இறக்கம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. எறிந்ததெல்லாம் வெளியே போகும் நாளில் 14 புள்ளியில் தோற்க வேண்டியவர்கள் 35 புள்ளியில் தோற்பார்கள். 14ல் தோற்றால் 'பையன்கள் நன்றாகப் போராடினார்கள்' என்பார்கள். 35ல் தோற்றால் பயிற்சியாளரைக் கேலி செய்வார்கள். ஆனால் போட்டி விதியில் இரண்டுக்கும் ஒரே பலன்தான். தோல்வி தோல்விதான். கௌரவமாகத் தோற்பதற்காக, ஐந்தில் ஒன்றாக இருக்கக் கூடிய வாய்ப்பை எட்டில் ஒன்றாகக் குறைத்துக் கொள்வது அந்த மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு மேடை மறுபடி கிடைக்காது.

யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டர் சொல்லாது. ஒவ்வொரு முடிவுக்கும் என்ன விலை என்பதைக் காட்டும். தேர்ந்தெடுப்பது நம் வேலை. நான் சொன்னதையும் அப்படியே நம்பாதீர்கள். இன்று மாலை எஃப்9 விசையை 100 முறை அழுத்திப் பார்த்து விட்டுச் சொல்லுங்கள்!