காற்றோடு போகும் வழி
குரோஷியாவின் ஸ்பிளிட்டில் பாய்மரப் படகெடுத்து ஒரு வாரம் தீவு பார்க்க நினைப்பவர்கள், புறப்பட்ட துறைக்கே திரும்பாமல் தென்கிழக்கே உள்ள துப்ரோவ்னிக்கில் படகை ஒப்படைப்பதே நல்லது. இந்தக் கடற்பகுதியில் கோடைப் பிற்பகல்களில் பெரும்பாலும் வீசுவது மாயெஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று. ஹ்வார், கோர்ச்சுலா, மேற்குப் பகுதி 1960இல் தேசியப் பூங்காவான ம்லியெத் எனத் தீவு தீவாகத் தென்கிழக்கே செல்லும் படகை அது பின்னாலிருந்து தள்ளும். சுற்றித் திரும்புபவரோ வந்த வழியே எதிர்காற்றில், எஞ்சின் இரைச்சலில் விடுமுறையை இழக்கிறார். ஒருவழிப் பயணத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்களே என்று கேட்கலாம். வாங்கத்தான் செய்கிறார்கள், ஆனால் திரும்பும் நாட்களெல்லாம் புதிய தீவுகளுக்கு மிஞ்சும்போது அது வீண்செலவல்ல. தென்கிழக்கிலிருந்து யுகோ காற்று எழுந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதே வலுவான மறுப்பு. கோடையில் அது குறைவு, என்றாலும் வந்தால் பேரலையோடு வரும். ஆகவே காத்திருக்க ஒரு நாளைக் கட்டாயம் ஒதுக்கி வையுங்கள்.