குற்றவாளி கியர் பாக்ஸா, ரப்பர் குழாயா?

நம் ஊரில் டிரக் என்றால் லாரி. அமெரிக்காவில் பெரும்பாலும் பிக்கப் வண்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். முன்னால் இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. வைக்கோல் ஏற்றவும் அதுதான், குடும்பத்தோடு கடைக்குப் போகவும் அதுதான். 30, 40 வயதைத் தாண்டிய பிக்கப்கள்கூட அங்கே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு கிளட்ச் பெடலே கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர்.

அப்படி ஒரு வண்டி ஒருநாள் வம்பு செய்யத் தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஜம்மென்று ஓடுகிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் பிரேக் பிடித்ததும் ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் ஆஃப்! சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்புகிறது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை. வண்டிக்காரர் ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றுகிறார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார். பணம் போனதுதான் மிச்சம். கோளாறு இன்ஜினிலேயே இல்லையே!

கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்து வண்டியை நிறுத்தியவர்களுக்கு இந்தக் குலுக்கல் நன்றாகத் தெரியும். இங்கே நடப்பதும் அதுதான். ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதுபோல இதற்குள் ஆயில் வழியாகச் சக்தி கடந்து போகிறது. அதனால் சக்கரம் நின்றாலும் இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும். ஆனால் ஆயிலில் கொஞ்சம் சக்தி வீணாகும். 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் அதையும் மிச்சம் பிடிக்க நினைத்தார்கள். வேகமாக ஓடும்போது இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும் லாக்கப் கிளட்ச் பரவலாக வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் அறிமுகம் செய்த 700ஆர்4 கியர் பாக்ஸிலும் இது உண்டு.

வேகம் குறைந்ததும் அந்தப் பிடி தளர வேண்டும். தளராவிட்டால் சக்கரத்தோடு சேர்ந்து இன்ஜினும் நின்றுவிடும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்டி நிற்பதற்குச் சற்று முன் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆஃப் ஆனால் கோளாறு இன்ஜின் பக்கம். ஆஃப் ஆகாவிட்டால் லாக்கப் மேல் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. ஐடிலிங் பலவீனமான இன்ஜினும் பாரம் குறைந்தால் நியூட்ரலில் பிழைத்துக்கொள்ளும். அடுத்து, கியர் பாக்ஸின் பக்கத்தில் செருகியிருக்கும் ஒயர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். தொல்லை நின்றுவிட்டால் மின்சாரம் தேவையில்லாத நேரத்திலும் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். பிரேக்கை மிதித்ததும் அதைத் துண்டிக்க வேண்டிய சுவிட்ச் பெடலுக்கு மேலேயே இருக்கிறது. சின்னப் பொருள், விலையும் குறைவு. பிளக்கைக் கழற்றியும் தொல்லை தொடர்ந்தால், உள்ளே சோலனாய்டோ வால்வோ சிக்கியிருக்கலாம். சோலனாய்டு என்றால் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றியே மாற்றிவிடலாம். கியர் பாக்ஸ் முழுவதையும் இறக்கி ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கத் தேவையில்லை.

இன்னும் பழைய வண்டிகளில் கதை வேறு. டர்போ ஹைட்ரமேட்டிக் 350, 400 போன்ற கியர் பாக்ஸ்களில் வேக்குவம் மாடுலேட்டர் என்றொரு சிறிய தகர டப்பா இருக்கும். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பு ஒரு மெல்லிய குழாய் வழியாக இதற்கு வருகிறது. இழுப்பு பலமாக இருந்தால் டிரைவர் நிதானமாகப் போகிறார் என்று அர்த்தம். குறைந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார் என்று அர்த்தம். அதற்கேற்ப கியர் விழும்.

இந்தக் குழாயின் ரப்பர் முனை வெடித்துவிட்டால்? இன்ஜினுக்குள் வேண்டாத காற்று புகுந்து ஐடிலிங்கில் திணறி ஆஃப் ஆகும். கியர் பாக்ஸோ டிரைவர் முழு வேகம் கேட்கிறார் என்று நினைத்து, தாமதமாக, டமால் டமால் என்று கியர் மாற்றும். பார்க்கிறவர்களுக்கு இன்ஜினும் போச்சு, கியர் பாக்ஸும் போச்சு என்றே தோன்றும். உண்மையில் போனது ஒரு சாண் ரப்பர்!

மாடுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் இன்னும் வேடிக்கை. கியர் பாக்ஸின் சிவப்பு ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடித்துவிடும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும், தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் போதும். உள்ளே சிவப்பாக ஈரம் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

700ஆர்4 வண்டிக்காரர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் மாடுலேட்டருக்குப் பதிலாக, கார்புரேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. இன்ஜின் ஆஃப் ஆகிறதே என்று கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் இதைத் தொளதொளவென்று விட்டுவிட்டால், உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். நாலு நாள் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சு இங்கே எடுபடாது.

சரி, கோளாறு பிடிபடும்வரை ஓடும் வண்டி நடுவழியில் ஆஃப் ஆனால்? ஸ்டீயரிங் திடீரென்று கல்லாய்க் கனக்கும். பயப்பட வேண்டாம், பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்கு ஒன்றிரண்டு மிதிக்கான உதவிதான் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். டிரைவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையாது. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பினால், உருண்டுகொண்டிருக்கும்போதே இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.